சந்தையில் ஓர் உழக்கு வறுவல்

ரங்கூனில் இருந்தவரை, அப்பா எதைத் தின்றாலும் புதுக்கோட்டையை இழுத்து வைத்து மட்டம் தட்டாமல் விட்டதில்லை. அம்மா ருசியாக மீன் குழம்பு வைத்திருப்பாள். ஒரு வாய் போட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க ஊருது மாதிரி இல்ல" என்பார். அம்மா பிறந்ததே ரங்கூனில்தான். அவர் ஊரை அவள் கண்ணால் கண்டதில்லை. அதனால் பதில் பேச வழியில்லாமல் கரண்டியை ணங்கென்று வைப்பாள்.

ராஜ வீதி முனையில் விற்கும் குழிப்பணியாரம், காப்பி கிளப்பின் நெய் தோசை, சந்தையில் கொதிக்கக் கொதிக்க ஊற்றும் ஆட்டுக்கால் சாறு என்று அப்பா சொல்லிக்கொண்டே போவார். எல்லாவற்றுக்கும் உச்சியில் ஒரு வறுவல் உண்டு. மழை விட்டதும் சந்தைக்கு வருமாம். "நெய்யே ஊத்தாம நெய் மணக்கும். அதைத் தின்னாதவன் என்ன புதுக்கோட்டையான்?" என்பார். அது என்ன வறுவல் என்று கேட்டால், "வந்து தின்னு பாரு" என்று சிரிப்பார்.

ரங்கூனில் குண்டு விழுந்தது. கப்பலில் இடம் கிடைக்கவில்லை. அப்பா, அம்மா, பன்னிரண்டு வயதான நான், மூவரும் கூட்டத்தோடு நடந்தோம். அந்த நடையைப் பற்றி எழுத எனக்கு இஷ்டமில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். காட்டுக்குள் அரிசி தீர்ந்துபோய், அப்பா காய்ச்சலில் சுருண்டு கிடந்தபோது, அம்மா கருவாட்டை வறுத்து, மிளகாயும் உப்பும் வைத்து இடித்து எங்களுக்குக் கொடுத்தாள். அந்தத் தூள்தான் எங்களைக் கரையேற்றியது. காய்ச்சல் வாயோடு அதைத் தின்றுகொண்டே அப்பா, "எங்க ஊருக் கருவாடு மாதிரி இல்ல" என்றார். சாகக் கிடக்கிற நேரத்திலும் இந்த மனுஷனுக்கு வாய் அடங்கவில்லையே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

புதுக்கோட்டைக்கு வந்து பெரியப்பா வீட்டின் பின்கட்டில் ஒண்டினோம். வந்த பிறகுதான் அம்மா சாப்பிடுவதை நிறுத்தினாள். வெள்ளைக் கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிப்பாள், அவ்வளவுதான். வேறு எதை வைத்தாலும் குனிந்து உற்றுப் பார்ப்பாள், விரலால் கிளறுவாள், தள்ளி வைத்துவிடுவாள். எலும்பும் தோலுமாகிவிட்டாள். ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, "ஒடம்புல நோய் ஒண்ணும் இல்ல. சாப்பிட்டாப் பொழைச்சுக்குவாங்க. இல்லாட்டி என் கையில ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டார்.

அப்பா ஆடிப்போனார். ஆனால் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அவர் ஊர்த் தீனிதான். முதலில் ராஜ வீதிப் பணியாரம் வந்தது. யுத்த காலம், அரிசிக்குப் பஞ்சம். அது கேழ்வரகு மாவில் சுட்ட கறுப்பு உருண்டை. கடித்தால் தாடை வலித்தது. அடுத்து தோசை வாங்கக் காப்பி கிளப்புக்கு என்னைக் கூட்டிப் போனார். உள்ளே உட்கார எங்களுக்கு இடம் கிடையாதாம். பின்பக்கச் சந்தில் ஒரு ஜன்னல் இருந்தது. அதன் வழியாகக் கைபடாமல் பொட்டலத்தைப் போட்டார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரங்கூனில் யார் மேசையிலும் உட்கார்ந்து டீ குடித்த மனுஷன் இவர். இத்தனை வருஷம் சொன்ன கதையில் இந்த ஜன்னலை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறார்! வழி நெடுக அவரை விட்டு விலகி முன்னால் நடந்தேன். அம்மா அந்தத் தோசையையும் கிளறிப் பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள்.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்தது. "இன்னைக்குச் சந்தைக்குப் போறோம்" என்றார் அப்பா. குரலில் தெம்பே இல்லை. மிச்சம் இருந்தது அந்த வறுவல் ஒன்றுதான் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பெரியப்பாவின் வண்டியில் அம்மாவை ஏற்றிப் போய், சந்தையில் கைத்தாங்கலாக இறக்கி நடத்திக் கூட்டிப் போனோம்.

சந்தையின் ஓரத்தில், குளத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். கூடைக்குள் வறுத்த அரிசியோடு கலந்து, பழுப்பாகப் பளபளவென்று ஏதோ இருந்தது. தூரத்திலேயே நெய் மணந்தது. அப்பா அம்மன் காசுகளை நீட்ட, அவள் உழக்கில் அளந்து இலையில் கொட்டினாள். நான்தான் முதலில் அள்ளி வாயில் போட்டேன். மொறுமொறுவென்று, வேர்க்கடலையும் வெண்ணெயும் சேர்ந்த மாதிரி, அடடா! அப்பா சொன்னதில் இதாவது பொய்யில்லை என்று இன்னொரு பிடி அள்ளிப் போட்டுக்கொண்டு, அது என்ன என்று கேட்டேன்.

"தெரியாமயா திங்கிறே? ஈசல் தாயி. நேத்துப் புத்துல புடிச்சது. றெக்கையப் பொடச்சுட்டேன், பயப்படாமத் தின்னு."

நாக்கில் மெல்லிசாக ஏதோ ஒட்டியிருந்தது. எடுத்துப் பார்த்தேன். சிறகு. சந்தையே திரும்பிப் பார்க்கும்படி அலறித் துப்பினேன். "பூச்சியா? இத்தனை வருசமா பூச்சியப் பத்தியா பெரும பேசுனீங்க?" என்று அப்பாவைப் பார்த்துக் கத்தினேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். தின்ன வைத்த பிறகு சொல்லலாம் என்று இருந்தவர். நான் போட்ட கூச்சலில் எல்லாம் உடைந்துவிட்டது. இனிமேல் அந்தக் கஞ்சியும் அவள் தொண்டையில் இறங்காது என்று பயந்தேன்.

அம்மா குனிந்து கூடையை உற்றுப் பார்த்தாள். வழக்கம்போல விரலால் கிளறினாள். ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இத எல்லாரும் திங்கிறாங்களா?" என்று கூடைக்காரியிடம் கேட்டாள்.

"திங்காம? இந்தச் சீமையில இதத் திங்காத வீடு எது?"

"அருவருப்புப் படாமலா?"

"நல்லாக் கேட்டீங்க போங்க! கூட ஒரு கை போடுன்னு சண்டைக்கில்ல வர்றாங்க!"

அம்மா அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையில் இருந்ததை வாயில் போட்டு மென்றாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. அப்பா பதறிப்போய், "வேணாம், துப்பிரு, துப்பிரு" என்று அவள் வாயருகே கையை நீட்டினார். அவள் அந்தக் கையைத் தள்ளிவிட்டு விழுங்கினாள்.

"காட்டுல கருவாடுன்னு குடுத்தேனே. அப்போ ஏது கருவாடு?" என்றாள். "மழைக்கப்புறம் இதுதான் அடுப்பு வெளிச்சத்துல வந்து விழுந்துச்சு. அதத்தான் அள்ளி வறுத்தேன். தெரிஞ்சாத் திங்க மாட்டீங்கன்னு இடிச்சுக் குடுத்தேன். புருசனுக்கும் புள்ளைக்கும் பூச்சியப் போட்டுட்டேனேன்னு, அதுக்கப்புறம் எந்தச் சோத்தப் பாத்தாலும் அதுவாத்தாங்க தெரிஞ்சுச்சு."

துப்பியது போக வாயில் மிச்சமிருந்த ருசியோடு நான் அப்படியே நின்றேன். அப்பா கூடையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார்.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னோர் உழக்குப் போடச் சொல்லி மடியை விரித்தாள். ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு, நிதானமாக மென்று முடித்தாள். பிறகு அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"காட்டுல, எங்க ஊருது மாதிரி இல்லன்னு சொன்னீங்களே. ஒங்க ஊருதுதாங்க அது."