அக்கா அண்ணாந்து பார்த்த மூலை

அக்கா செத்த அன்றைக்கே என் கல்யாணத்தைப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். பிணத்தை இன்னும் எடுக்கவில்லை. பந்தல் நிழலில் காபி குடித்துக்கொண்டே, சின்னவளை மாப்பிள்ளைக்கே கொடுத்துவிட்டால் குழந்தை அநாதையாகாது என்றாள் ஒரு பெரியம்மா. சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. பஸ்ஸில் சீட்டு காலியானால் அடுத்தவள் உட்காருவது மாதிரி, அக்கா போன இடத்தில் தங்கை போய் உட்கார வேண்டும். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். அன்றைக்கு அந்த வாயும் திறக்கவில்லை.

அக்கா புருஷனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்புக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார், குரலை உயர்த்திக்கூடப் பேசமாட்டார். தங்கமான மனுஷன் என்று அம்மா வாய் ஓயாமல் சொல்வாள். அக்காவுக்கு மஞ்சள் காமாலை. முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருந்தும் அசட்டையாக இருந்துவிட்டாள் என்று செத்தவளையே எல்லாரும் திட்டினார்கள்.

காரியம் வரைக்கும் குழந்தையை அத்திப்பட்டில் எங்கள் வீட்டில் வைத்திருந்தோம். நன்றாகப் பேசும், நன்றாக விளையாடும். ஒரு பழக்கம்தான் விநோதம். சோறு போட்டால் உடனே கை வைக்காது. தலையைத் தூக்கி விட்டத்து மூலையைக் கொஞ்ச நேரம் பார்க்கும். அங்கே ஒட்டடையைத் தவிர ஒன்றுமில்லை. தெருவுக்கு ஓடும்போதும் வாசல்படியில் நின்று திரும்பி மூலையைப் பார்க்கும். அம்மாவைத் தேடுது பாவம் என்று அம்மா அழுதாள்.

காரியத்துக்குப் படம் வேண்டும். அக்கா தனியாக நின்ற போட்டோ ஒன்றுகூட எங்களிடம் இல்லை. அவள் போன் கார்டு என்று மாமா அலமாரியிலிருந்து ஒரு சின்ன மெமரி கார்டை எடுத்துக் கொடுத்தார். நான் வேலை பார்க்கிற கம்பெனியில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு பஜார் ஸ்டுடியோவுக்குப் போனேன். ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, இதில் போட்டோவே இல்லை, எல்லாம் வீட்டுக் கேமரா வீடியோ என்றார்.

குழந்தை தவழ ஆரம்பித்தபோது அதைப் பார்த்துக்கொள்ள என்று மாமா ஹாலில் ஒரு கேமரா மாட்டியிருந்தார். வேலையில் இருந்தபடியே போனில் பார்க்கலாம், பேசலாம். அக்கா போனதும் கழற்றிவிட்டார். கார்டு மாறிப்போய் என் கைக்கு வந்திருக்கிறது.

"மொகம் நேரா தெரியிற மாதிரி நெறைய கீதும்மா. ஒண்ணு எடுத்துத் தரவா?" என்றார் ஸ்டுடியோக்காரர்.

நிறைய இருந்தது. அவ்வளவு தடவை அவள் கேமராவைப் பார்த்திருக்கிறாள். பட்டப்பகல், கதவு திறந்து கிடக்கிறது. பை எடுத்துக்கொண்டு அக்கா வருகிறாள், செருப்பில் கால் நுழைக்கிறாள். கேமராவுக்குள்ளிருந்து மாமாவின் குரல் வருகிறது, எங்கே கிளம்பினாய் என்று. பால் வாங்க என்கிறாள். இருப்பதை ஊற்றிக் கொடு என்கிறது குரல். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறாள். அடுத்ததில் குழந்தை பிஸ்கட்டைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து நிற்கிறது. "சாப்டு கண்ணு" என்று குரல் வந்த பிறகுதான் கடிக்கிறது. அதட்டல் இல்லை, மிரட்டல் இல்லை. எவ்வளவு பிரியமான குரல் அது.

போன் பண்ணும்போதெல்லாம் அக்கா ஏன் அவ்வளவு சத்தமாக, நல்லா இருக்கிறேன், நல்லா இருக்கிறேன் என்று சொன்னாள் என்பது அப்போதுதான் புரிந்தது. அவள் அதை எங்களுக்குச் சொல்லவில்லை, மூலைக்குச் சொன்னாள்.

கடைசியாக ஒன்று. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கண் இரண்டும் மஞ்சள். பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று வாசல் வழியாக உள்ளே வந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, தன் பாட்டுக்கு வெளியே போகிறது.

"நிக்க முடிலங்க. நானே ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துடறேன்."

"நா வந்து இட்டுகினு போறேன். போய்ப் படு."

படுத்துவிட்டாள். மறுநாள் வீடியோவிலும் அதே பை, அதே இடம், அதே பதில்.

ஸ்டுடியோக்காரர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இதிலிருந்தே முகத்தை எடுத்துப் பெரிதாக்குங்கள் என்றேன். கண் மஞ்சளாக இருக்கிறது, வெள்ளையாக்கிவிடட்டுமா என்று மெதுவாகக் கேட்டார். தொடாதீர்கள் என்றேன்.

வீட்டில் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன சொல்வார்கள் என்று எனக்குத் தெரியாதா? பொண்டாட்டி எங்கே போகிறாள் என்று எந்த ஆம்பளை கேட்கமாட்டான், அக்கறையில் கேட்டிருப்பான் என்பார்கள். கார்டை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

காரியம் மாமா வீட்டு ஹாலில் நடந்தது. காரியம் முடிந்த கையோடு என் விஷயத்தையும் பேசி முடித்துவிடுவது என்று பெரியவர்கள் வைத்திருந்தார்கள். நியூஸ் பேப்பரைப் பிரித்துப் படத்தைச் சுவரோரம் வைத்தேன். அக்காவின் பார்வை நேராக எதிர் மூலைக்குப் போனது. அங்கே ஸ்க்ரூ போட்ட ஓட்டைகள் மட்டும் இருந்தன. பார்வை என்ன தெய்வீகமாக இருக்கிறது என்றாள் பெரியம்மா. பொட்டு வைக்கக் குனிந்த மாமாவின் விரல், படத்தைத் தொடாமல் அப்படியே நின்றது.

"இந்தப் போட்டோ ஏது?"

"நீங்க குடுத்த கார்டுதான் மாமா."

அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. "கார்ட அப்புறமா குடுத்துடு கண்ணு" என்றார். வீடியோவில் கேட்ட அதே குரல். இனிமேல் என்னோடு பேசப்போகிற குரல்.

யாரோ குழந்தை கையில் வடையைக் கொடுத்தார்கள். அது மூலையைப் பார்த்தது. பிறகு படத்தைப் பார்த்தது. மறுபடி மூலையைப் பார்த்தது.

"அம்மா அப்பாவ கேட்டுகினு கீது," என்றது. "ஆஸ்பத்திரி போவட்டான்னு."

பந்தியில் இலை போடுகிற சத்தம் நின்றுபோனது. என் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா எழுந்து படத்தின் கிட்டே போனாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தாள், மறுபடி துடைத்தாள். மஞ்சள் போகவில்லை. பிறகு படத்தை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள்.

"ஊட்டுக்குப் போலாம் வாடி," என்றாள். யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

சாப்பிடாமல் வந்துவிட்டோமே என்று ஸ்டேஷனில் குழந்தைக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக் கொடுத்தேன். பிளாட்பாரக் கம்பத்தில் ஒரு கேமரா இருந்தது. குழந்தை அதற்குக் கீழே போய் அண்ணாந்து நின்றது. நானும் அம்மாவும் சாப்பிடு சாப்பிடு என்று மாறி மாறிச் சொன்னோம். சென்னைப் பக்கம் போகிறவர்கள் யாரோ எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். ரயில் வந்து நின்றபோதும் அது பாக்கெட்டைப் பிரிக்கவில்லை.