நாங்கள் ட்ராம் வாங்கிய கதை

பழைய ட்ராம் வாங்குகிற தொழிலில் முதல் கஷ்டம் ட்ராம் கிடைக்காதது இல்லை, "என்ன வேலை பார்க்கிறாய்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதுதான். டைப்பிஸ்ட் என்று சொல்லித் தப்பிக்கலாம். எனக்கு அது வராது. "அமெரிக்காவில் இன்டர்நெட்டில் ஏலம் விடுவார்கள், அதில் பழைய ட்ராம் வண்டி வந்தால் நான் கேட்பேன்" என்று உள்ளதைச் சொல்லிவிடுவேன். கேட்டவருக்கு உடனே வேறு வேலை வந்துவிடும். டெலிபோன் லைனில் இன்டர்நெட் போட்டு, ஒரு போட்டோ இறங்குவதற்குள் காபி குடித்து டம்ளரையும் கழுவிக் கவிழ்த்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இந்த வேதனை புரியாது.

வேலைக்குச் சேர்ந்தது

எனக்கு வீடு பட்டினப்பாக்கம். அம்மா மீன் விற்கிறாள். பிளஸ் டூவில் கணக்கு போய்விட்டது. மறுபடி எழுது என்றார்கள். அதே புத்தகத்தை இன்னொரு வருஷம் பார்க்க என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். கான்வென்ட் இங்கிலீஷும் கொஞ்சம் கம்ப்யூட்டரும் கையில் இருந்தன. தி.நகரில் பாத்திரக் கடை வைத்திருக்கிற சேஷாத்ரி சார், மயிலாப்பூரில் தன் வீட்டுக் கம்ப்யூட்டரில் வேலை செய்ய ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன்.

எவர்சில்வர் கணக்கு எழுதச் சொல்வார் என்றுதான் நினைத்தேன். சார் என் மார்க் ஷீட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீ ட்ராமைப் பத்தி என்ன கேள்விப்பட்டிருக்கே?" என்றார். ஒன்றுமில்லை சார், மெட்ராஸில் அது நின்றபோது எங்கம்மாவே பிறக்கவில்லை என்றேன். சார் முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்ப நல்லது. தெரிஞ்சவா எல்லாம் எனக்கு புத்தி சொல்றா. நாளைக்கே வந்துடு."

எதற்கு?

கடை டெம்போவை ஓட்டுகிற தாஸ் அண்ணன்தான் எனக்கு முன்னால் கேட்டது. சாருக்கு அடையாறில் ஒரு காலி மனை இருக்கிறது. வாங்கின ட்ராமை அங்கே கொண்டுவந்து நிறுத்தப் போவதாகச் சொல்லியிருந்தார். "இன்னா சார், ஐஸ்க்ரீம் கடையா?" என்றார் தாஸ் அண்ணன். இல்லை என்றார் சார். "ஓட்டலா? சினிமா ஷூட்டிங்குக்கு வுடப் போறியா? கோடம்பாக்கத்துல நமக்கு ஆளு கீது சார், சொல்லவா?" அதுவும் இல்லை என்றார். "பின்ன இன்னாத்துக்குதான் சார்?"

சார் கொஞ்சம் வெட்கப்பட்டது போலத் தெரிந்தது. ஐம்பது வயதுக்காரர் வெட்கப்பட்டால் பார்க்க நன்றாகவே இருக்காது. "உக்கார்றதுக்குடா," என்றார்.

கூரை மட்டும்

அந்தக் கம்ப்யூட்டரில் போட்டோ மேலிருந்து கீழே இறங்கும். முதலில் வெறும் வானம். அப்புறம் மேலே கம்பியைத் தொடுகிற நீளக் கழி. அப்புறம் கூரை. ஜன்னல் வரப்போகிறது என்று நாங்கள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது உள்ளே மாமி டெலிபோனைத் தூக்குவார். லைன் போய்விடும். மாமி என்பது சாரின் அக்கா. சமையலறையிலும் ஒரு போன் இருக்கிறது. அவருடைய சிநேகிதிகள் எல்லாருக்கும் ஏதாவது சந்தேகம் இருந்துகொண்டே இருக்கும். முதல் மாதத்தில் நான் பார்த்த ட்ராம் கூரைகளுக்குக் கணக்கில்லை. ஜன்னலுக்குக் கீழே பார்த்தது ஒன்றோ இரண்டோ.

ஆனால் பாதி பாதியாகப் பார்த்ததுதான் கெடுத்தது என்று நினைக்கிறேன். முழுசாகப் பார்த்திருந்தால் சீ இவ்வளவுதானா என்று விட்டிருப்பேன். மிச்சப் பாதி வீட்டுக்குப் போனபிறகும் மனசுக்குள் இறங்கிக்கொண்டே இருந்தது. பெஞ்சு மாதிரி மரச்சீட்டு, அதன் முதுகை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொள்ளலாம். வண்டி திரும்ப வேண்டாம், நாம் திரும்பி உட்கார்ந்தால் போதும். நடு ரோட்டில் தண்டவாளம் போட்டு இப்படி ஒரு வண்டி நம் ஊரில் ஓடியிருக்கிறது, நமக்கு ஒருத்தரும் வைத்துவிட்டுப் போகவில்லை என்று எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் ஒரு நாள் மாமியிடமே போய், கொஞ்சம் போனை வையுங்கள் என்று சொல்லிவிட்டேன். மாமி ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்: "நான் பாவாடை கட்டிண்டிருந்தப்போ நின்ன ட்ராம். இன்னும் பத்து நிமிஷம் நிக்கப்படாதா?"

கோழி

விற்கிறவர்கள் எல்லாரும் நல்லவர்கள். ஏமாற்றத் தெரியாதவர்கள். ஓடுவதை நிறுத்தியதும் அந்த ஊர்க்காரர்கள் ட்ராமை வயலுக்குத் தூக்கிக்கொண்டு போய் வைக்கோல் போட, பன்றி கட்ட, பேரப்பிள்ளை விளையாட என்று வைத்திருக்கிறார்கள். உள்ளே சீட் இருக்கிறதா என்று ஒருவருக்கு எழுதிக் கேட்டேன். மறுநாளே பதில் வந்தது: "சீட்டு இல்லை. கோழிகள் இருக்கின்றன. வேண்டுமென்றால் அவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள்."

அம்மாவின் ஏலம்

சாருக்கு ஏலம் கேட்கத் தெரியாது. ஒரு வண்டி பிடித்துவிட்டால் முதல் நாளே கேட்டுவிடுவார். அதைப் பார்த்து இன்னொருத்தன் விலையை ஏற்றுவான். சார் விடமாட்டார், அவனும் விடமாட்டான், கடைசியில் அவன் கொண்டுபோவான். வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். கரையில் தினம் கூடை ஏலம் எடுக்கிறவள் அவள். "வோணும்ங்கிற கூடைய கண்ணால பாக்கவே கூடாதுடி. வேற எங்கியோ பாத்துகினு நிக்கணும். எல்லாரும் கத்தி ஓஞ்சாங்க பாரு, அப்ப வாயத் தொறக்கணும்."

அதை அப்படியே சாரிடம் சொன்னேன். இனிமேல் ஏலம் முடிகிற கடைசி நிமிஷம் வரைக்கும் நாம் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை என்று முடிவாயிற்று. அம்மாவுக்குப் பெருமைதான். காட்டிக்கொள்ளவில்லை. "எனக்கு ஏலம் வுழுந்தா கூடைய தலைல வெச்சுகினு வந்துடுவேன். உங்களுக்கு வுழுந்தா யாருடி தூக்குவாங்க?"

அமெரிக்காவின் கடிகாரம்

பச்சையும் சந்தனமும் அடித்த ஒரு வண்டி வந்தது. சீட்டெல்லாம் இருந்தது, மணி இருந்தது. எங்களுக்காகவே அந்தப் போட்டோ கீழே வரைக்கும் இறங்கியது. ஒரு வாரம் அந்தப் பக்கமே திரும்பாமல் உட்கார்ந்திருந்தோம். நீங்களும் ஒரு வாரம் வேண்டியதைப் பார்க்காமல் இருந்து பாருங்கள், தெரியும். ஏலம் முடிவது அவர்களுக்கு ஞாயிறு சாயங்காலம், நமக்குத் திங்கள் காலை. எத்தனை மணி என்று கணக்குப் போட்டு சாருக்குச் சொன்னது நான்தான்.

சார் குளித்து, சலவை வேட்டி கட்டி, மாமியை போன் பக்கம் போகாதே என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். இன்னும் அரை மணி இருக்கிறது என்று லைனைப் போட்டேன். ஏலம் முடிந்து போயிருந்தது. கணக்கில் போனவள்தானே என்று என்மேலேயே எனக்கு ஆத்திரம். மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், கணக்கு சரியாகத்தான் இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, வெயில் காலம் வருகிறதென்று அந்த ஊரில் எல்லாருமாகச் சேர்ந்து முந்தின ராத்திரி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருக்கிறார்கள். சார் வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தாஸ் அண்ணன்தான் பொறுக்க முடியாமல் கத்தினார்: "டைமையே தள்ளி வெக்கிறவங்கிட்ட போயி வண்டி கேட்டுகினு கீறோமே, நம்மள சொல்லணும்!"

விழுந்தது

மழைக்காலத்தில் இன்னொன்று வந்தது. செங்கல் நிறம். விற்கிற அம்மாள் ஒரு கிராமத்துக்காரர். அவருடைய வீட்டுக்காரர் அதைத் தோட்டத்தில் வைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்து கடிகாரம் ரிப்பேர் செய்வாராம், அவர் காலமாகிவிட்டார். ஒரு ஆணிகூடப் பிடுங்கவில்லை என்று எழுதியிருந்தார். இந்தத் தடவை அந்த ஊர் மணி என்ன என்று அந்த அம்மாளையே கேட்டு வைத்துக்கொண்டேன். கடைசி நிமிஷத்தில் கேட்டோம். எங்களுக்கே விழுந்துவிட்டது. சார் பாங்கில் பணத்தைக் கட்டி அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து ஊஞ்சலில் உட்கார்ந்து ஒருமுறைகூட ஆடவில்லை.

அதற்கப்புறம் மூன்று வாரம் மயிலாப்பூர் லஸ் கார்னரில் ரோட்டைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். தண்டவாளம் தாருக்கு அடியில் எங்கேயாவது மிச்சமிருக்கும் என்று தோன்றும். பஸ் ஸ்டாப்பில் நிற்பேன்; வந்த பஸ்ஸை விட்டுவிட்டு எதற்கு நிற்கிறேன் என்று எனக்கே தெரியாது. மாமி எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "வாங்கறதுக்கு முன்னாடி இவன் ஒருத்தன்தான் இப்படி இருந்தான்."

சாக்பீஸ் ட்ராம்

அடையாறு மனைக்குள் வண்டி நுழையுமா என்று பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் எவ்வளவு பெரிசு என்று கண்ணால் பார்த்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சார் வீட்டு வாசல் தெருவிலேயே டேப் பிடித்தோம். தாஸ் அண்ணன் அந்த முனை, நான் இந்த முனை. சார் குனிந்து சாக்பீஸால் கோடு போட்டார். ட்ராம் மூன்று வீட்டு வாசலை அடைத்தது. ஸ்கூட்டர்கள் ட்ராமுக்குள் புகுந்து போயின.

மாமி கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "படி அங்க இல்லடா சேஷு. நாங்க பின்னாடிதான் ஏறினோம்."

"முன்னாடியும் உண்டுக்கா. போட்டோவுல இருக்கே."

"போட்டோவுல இருந்துட்டுப் போகட்டும். நான் ஏறியிருக்கேன்." சொல்லிவிட்டு மாமி இறங்கிவந்து, கோட்டுக்குள் நின்று, என்னைப் பார்த்துச் சொன்னார். ட்ராம் நிற்கப் போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு வந்தபோது வீட்டில் எல்லாருமாக லஸ்ஸில் ஏறி ஒரு சுற்று போய்விட்டு வந்தார்களாம். சாருக்கு அம்மை வார்த்திருந்தது. ஜன்னலோரம் பாயில் படுக்க வைத்துவிட்டுப் போனார்களாம். அடுத்த வாரம் உன்னை மட்டும் கூட்டிண்டு போறேன் என்று அப்பா சொன்னாராம். அடுத்த வாரம் ட்ராம் இல்லை.

சார் நிமிரவே இல்லை. கோட்டைப் போட்டுக்கொண்டே கேட்டார்: "ஜன்னல் எங்கே வரும்கா? அதை மட்டும் சொல்லு."

வெட்டு

கப்பல் ஏஜென்ட் ஒருவர் அளவைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். கண்டெய்னர் பெட்டியைவிட ட்ராம் நீளம். முழுசாகக் கொண்டுவருவது நடக்காத காரியம். நடுவில் வெட்டி இரண்டு பெட்டியில் போடலாம், இங்கே வந்து வெல்டிங் வைத்து பெயின்ட் அடித்தால் தெரியாது என்றார். அந்த அம்மாளும் தோட்டத்தை விற்கப்போகிறார். பனி விழுவதற்குள் எடுத்தாக வேண்டும். சார் ஒரு நாள் யோசித்தார். அப்புறம் வெட்டச் சொல்லி எழுது என்றார். நான் இரண்டு வரி அடித்துவிட்டுக் கையை எடுத்துவிட்டேன்.

"வெட்டினா அது ட்ராம் இல்ல சார்."

"மனையில நிக்கத்தானே போறது? ஓடவா போறது?"

"நிக்கிற தகரத்துல உக்கார்றதுக்கு அமெரிக்கா எதுக்கு சார்? புதுப்பேட்டை பழைய இரும்புக் கடைல சொன்னா ஒரு வாரத்துல கட்டிக் குடுப்பாங்க."

சாருக்கு முகம் சிவந்தது. "ட்ராமைப் பத்தி நீ என்னத்தைக் கண்டே? ஏறியிருக்கியா?"

"நீங்க ஏறியிருக்கீங்களா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டேன் என்று எனக்கு உறைத்தது. வேலை போய்விட்டது என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வாசலில் நின்ற தாஸ் அண்ணன் செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். சார் உள்ளே போனார். தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து ஸ்க்ரீனை வெகுநேரம் பார்த்தார். "அடிச்ச ரெண்டு வரியையும் அழி. வெட்ட வேண்டாம்னு எழுது."

இரண்டு பேர்

எடுக்க முடியவில்லை என்று அந்த அம்மாளுக்கு எழுதிவிட்டோம். பதில் உடனே வந்தது. பக்கத்து ஊரில் சிலர் சேர்ந்து தண்டவாளம் போட்டு, பழைய ட்ராம்களைச் சரிசெய்து ஓட்டுகிறார்களாம். அவர்களுக்குக் கொடுத்துவிடட்டுமா, வண்டி உங்களுடையது, நீங்கள் சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தார். "ஓடுமா அது?" என்றார் சார். ஓடும், ஆனால் ஓட வருஷக்கணக்கில் ஆகும் என்று படித்துக் காட்டினேன். சார் தலையை ஆட்டினார். எழுத வேண்டியது 'சரி' என்கிற ஒரு வார்த்தைதான். அதை அடிக்க எனக்குக் கை வரவில்லை. சாரே குனிந்து ஒற்றை விரலால் அடித்தார்.

தை பிறந்ததும் அந்த ஓட்டுகிறவர்கள் எழுதினார்கள். வண்டி வந்து சேர்ந்துவிட்டது, ஓட்டிப் பார்க்கிற முதல் நாள், அது எந்த வருஷமானாலும், முன்சீட்டு உங்களுக்கு, அவசியம் வரவேண்டும் என்று. நான் கூரையிலிருந்து படி வரைக்கும் மனப்பாடமாக வைத்திருக்கிற வண்டி. அதை வேறு யாரோ தொட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள். பதில் என்ன எழுத சார் என்றேன்.

"ரெண்டு பேர் வரோம்னு எழுது."

"மாமியா சார்?"

"அவதான் ஏறியாச்சே. பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடு, ஏறாத ரெண்டு பேர்தான் போறோம்."

ஒரு வருஷத்துக்கு மேல் ட்ராம் வாங்கியதில் இதுவரை என் கைக்கு வந்து சேர்ந்தது பாஸ்போர்ட்டுக்கு எடுத்த நாலு போட்டோதான், அதிலும் காது தெரியவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.