சந்தனம் பூசிய விளக்கு

உள்ளறையில் ஸ்பேனர் சீமெந்துத் தரையில் விழுந்து உருளும் சத்தம் கேட்டது. முன்னறையில் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்த ஜீவராணியின் கை அப்படியே நின்றது.

"ஜீவராணியம்மா, கொஞ்சம் உள்ள வாங்க" என்று கூப்பிட்டார் சுகாதாரப் பரிசோதகர் லோரன்ஸ்.

ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பிள்ளைக்காம்பரா அது. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் விட்டுச்செல்லும் இருபத்திரண்டு பிள்ளைகளைப் பதினொரு வருடமாகப் பார்த்துக்கொள்பவர் ஜீவராணி. அந்த வாரம் ஏழு பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம், இருவர் ஆஸ்பத்திரியில். குழாய்த் தண்ணீரில் கிருமி இருப்பதாகப் பரிசோதனை சொன்னது. தண்ணீர்த் தாங்கியைக் கழுவும் மாயாண்டிதான் காரணம் என்று தோட்டமே பேசியது. அவரை வேலையிலிருந்து நிறுத்தப்போவதாகவும் கேள்வி.

லோரன்ஸ் கரண்டை நிறுத்திவிட்டு, தண்ணீரைச் சுத்திகரிக்கும் புற ஊதா விளக்கை வெளியே எடுத்து வைத்திருந்தார். ஒரு முழ நீளக் கண்ணாடிக் குழல். மேலிருந்து கீழ்வரை காய்ந்துபோன சந்தனம், இடையிடையே குங்குமம்.

"இதென்னங்க, மாப்பிள்ள மாதிரி ஜோடிச்சி வச்சிருக்கு?"

உள்ளே வந்த ஜீவராணியிடம் லோரன்ஸ் குழலைத் தூக்கிக் காட்டினார்.

"தாங்கித் தண்ணியில எப்பவுமே கொஞ்சம் கிருமி இருக்கும். அதுக்குத்தானே இந்த மெசின். இந்த ஒளி கிருமிக்குள்ள போயி, அது பெருகுறதுக்கு வேண்டிய மரபுச் சரட்டையே கெடுத்துப்போடும். பெருக முடியாத கிருமி வயித்துக்குள்ள போனாலும் ஒண்ணும் பண்ணாது. ஆனா ஒளி அதுமேல படணுமே! இந்தப் பூச்சத் தாண்டி அது வராது. வெளியில சிவப்பு பல்பு எரியிது, எல்லாம் சரின்னு நினைச்சிட்டீங்க."

அவர் பேனாவை எடுத்தார். "இந்த ரூம் சாவி உங்ககிட்டயும் மாயாண்டிகிட்டயும் தானே இருக்கு? ஆயுத பூசைக்கு அவரு பூசினாரா?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஏற்கெனவே பழி சுமக்கும் மனிதன்மேல் இதையும் ஏற்றிவிடலாம். பதினாறு வருடங்களுக்கு முன், ஜீவராணியின் இரண்டு வயது மகள் தனுஷிகா வயிற்றோட்டத்தில் துவண்டு அவர் மடியிலேயே கண்ணை மூடினாள். இந்த மெசின் வந்த அன்று அவர் அழுதார். அன்றிலிருந்து அது அவருக்கு மெசின் அல்ல, சாமி.

"நான்தாங்க ஐயா பூசினேன்" என்றார். "தொடைக்கிறதுக்குக் கழட்டினேன். வெளிப்பெட்டிக்கு மட்டும் பொட்டு வச்சா, உள்ள இருந்து வேல செய்யிறதுக்கு வைக்காம விட்ட மாதிரி இருந்திச்சி. மாயாண்டி அண்ணனுக்கு ஒண்ணுமே தெரியாது. எம் பேர எழுதுங்க."

லோரன்ஸ் பேனாவைக் காகிதத்தில் வைத்தார். "எங்க மாதா கோயில்லயும் ஒரு அம்மா பல்புக்கு மாலை போட்டாங்க. நல்லவேளை, மாலை கருகினதோட சரி" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "எழுதத்தான் வேணும். வேலை இருக்குமா இல்லையான்னு நான் சொல்ல முடியாது. அது தோட்டத்துத் தொரை முடிவு."

"சரிங்க. அந்தப் புள்ளைங்க அம்மாமாருக்கு நானே சொல்றேன்."

லோரன்ஸ் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்துக் கொடுத்தார். சந்தனம் நீங்கிக் கண்ணாடி தெரியும்வரை ஜீவராணி துடைத்தார். அதை லோரன்ஸ் உறைக்குள் பொருத்தி மூடி, கரண்டைப் போட்டார். குழாயைச் சிறிது நேரம் ஓடவிட்டு, பரிசோதனைக்குப் புதிய போத்தலில் தண்ணீர் பிடித்தார்.

"முடிவு வர்ற வரைக்கும் கொதிக்க வச்சுத்தான் குடுக்கணும்."

"குடுக்கிறேங்க."

அறிக்கையில் மாயாண்டியின் பெயர் இல்லை. ஜீவராணி அதை ஒருமுறை வாசித்துக் கையெழுத்திட்டார். லோரன்ஸ் போத்தலைப் பைக்குள் வைத்துக்கொண்டு தூறலில் இறங்கினார். பிள்ளைகள்மேல் குளிர்காற்று படாமல் ஜீவராணி கதவைச் சாத்தினார்.