அரக்கு வைத்த வாக்குமூலம்

தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல் கோர்ட்டில் ஓர் அரசு வழக்கறிஞரிடம் ஜூனியராக இருந்தேன். அந்த வருஷங்களை நினைத்தால் முதலில் வருவது உருகும் அரக்கின் வாசனைதான். மத்தியான வெயிலில் கட்டடமே லேசாக மிதப்பதுபோல இருக்கும். டவாலி யார் பெயரையோ நீட்டி அழைப்பார். அந்தக் குரல் வேறெங்கோ ஒரு தெருவில் கேட்பதுபோலத் தோன்றும்.

குஜிலியம்பாறைப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் வழக்கு அப்போது வந்தது. ஊரில் செல்வாக்கான ஒருவன் அவளைப் பலாத்காரம் செய்துவிட்டான். மாஜிஸ்திரேட் முன்னால் அவள் கொடுத்த வாக்குமூலத்தை உறையிலிட்டு அரக்கு வைத்திருந்தார்கள். அவன் ஆட்களுக்குப் பயந்து, டவுனில் கன்னியர் நடத்திய விடுதி ஒன்றில் தங்கித் தையல் படித்துக்கொண்டிருந்தாள். அந்த இடத்தையும் வாக்குமூலத்தில் சொல்லியிருந்தாள்.

எதிர்த்தரப்பு வக்கீல் முழு நகல் கேட்டார். "என்ன சொல்லிருக்குன்னே தெரியாம நான் எப்படி வாதாடுறது?" என்றார். அதில் நியாயம் இருந்தது.

"நகல் தரலாம். அந்தப் பொண்ணு இருக்கிற எடம் மட்டும் அதுல வரக் கூடாது" என்றார் என் சீனியர். வாய்தா மேல் வாய்தாவாக இழுத்தது.

அவள் வராந்தா பெஞ்சில், எந்த பஸ்ஸுக்கும் அவசரமில்லாதவள்போல உட்கார்ந்திருப்பாள். வாகைப் பூ மடியில் விழுந்தாலும் தட்டிவிட மாட்டாள். ஒருநாள் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அன்னிக்கு என்ன பேசுனேன்னே நெனப்பில்ல. வேற யாரோ பேசுன மாதிரி இருக்கு. அதப் பிரிக்கையில எனக்கும் செத்த நேரம் காட்டுவாகளா?"

சீனியரிடம் சொன்னேன். அவர் நீதிபதியிடம் கேட்டார். கடைசியில் நீதிபதி தன் அறையில் வைத்து உறையைப் பிரித்தார். விடுதி வரும் வரிகளை மறைத்து நகல் தர உத்தரவிட்டார். அதை எதிர்த்தரப்பு வெளியாருக்குக் காட்டக் கூடாது, விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும் என்றார். மற்றவர்கள் போனபின் அவளையும் துணைக்கு என்னையும் உள்ளே அழைத்தார்.

உதடு அசைய மெதுவாகப் படித்தாள். ஜன்னல் வெளிச்சம் தாளிலிருந்து அவள் முகத்துக்கு ஏறியது. படித்து முடித்ததும் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் சொல்லிருக்கேன்க்கா. ஒண்ணையும் விடல."

விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் திருப்பித் திருப்பிக் கேட்டார். அவள் நடுவில் ஒருமுறை தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். அவனுக்குத் தண்டனை கிடைத்தது.

தீர்ப்பு வந்த மத்தியானம் எங்கள் ஆபீஸ் நாற்காலியில் சுவரோடு சாய்ந்து தூங்கிப்போனாள். கூட்டிப்போக வந்த அப்பா பதறினார். "ஏத்தா, எந்திரி. பஸ்ஸு போயிரும்."

"தூங்கட்டும்யா, அடுத்த பஸ்ஸுல போங்க" என்றார் சீனியர். அப்புறம் வழக்கு விஷயமாக வந்தவர்களிடமெல்லாம் அவர் ரகசியம்போல மெல்லப் பேசினார். அவர்களும் ஏனென்று கேட்காமல் அப்படியே பேசிவிட்டுப் போனார்கள்.