பெயர் தெரியாத டயர்

ஹேவாஹெட்ட மலைப்பாதையில் ஏறும் முன்பே என் காரின் பின் டயர் வெடித்துவிட்டது. இப்போது கண்டிக்கு வெளியே ஒரு டயர் கடையில் நிற்கிறேன். மழை தூறுகிறது. கடைக்கார நானா புது டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வருகிறார். அதிலுள்ள பெயரை எழுத்துக் கூட்டி வாசிக்கிறேன். எங்குமே கேள்விப்படாத பெயர்.

டயர் கடையில் நான் யாருடைய வாய்ப்பேச்சையும் நம்புவதில்லை. கடைக்காரரின் சொந்த வண்டியைத்தான் பார்ப்பேன்.

"நானா, உங்கட வேன் எங்க?"

அவர் சிரித்தபடி வாசலைக் காட்டுகிறார். நான்கு சக்கரத்திலும் அதே பெயர், மேலே மலைச்சேறு. அப்போதும் விடாமல், குனிந்து வேனுக்கு அடியில் பார்க்கிறேன். அங்கே தொங்கும் ஸ்பெயார் டயர் மட்டும் பெரிய கம்பெனி. ஆளைப் பிடித்துவிட்டேன்.

"அப்ப இது மட்டும் ஏன் நல்ல டயர்?"

"அது வேன் எடுக்கக்குள்ள வந்தது, தம்பி. நான் ஒவ்வொரு நாளும் ஹேவாஹெட்டைக்கு ஏறி இறங்குறேன். இன்னும் அதைக் கழட்ட வேல வரல்ல."

மறுபடி உற்றுப் பார்க்கிறேன். அந்த ஸ்பெயார் டயரில், புது டயரில் முடிபோல நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் இழைகள்கூட உதிரவில்லை.

"நீங்க கொண்டுவந்ததையே பூட்டுங்க நானா" என்கிறேன், இன்னும் நிமிராமலே.