ஜெசிந்தா தாண்டிய கெட்ட நாட்கள்

ஜெசிந்தாவை அவளுடைய கணவன் அன்ரன் எங்கள் மனநல கிளினிக்குக்குக் கொண்டுவந்தபோது அவளுடைய உடுப்பு இன்னும் ஈரமாகவே இருந்தது. பள்ளிமுனைக் கடலுக்குள் நடந்துபோனவளை வலை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் தூக்கி வந்திருந்தார்கள். நான் அப்போது அங்கே உளவளத்துணை உத்தியோகத்தர்.

“மாசாமாசம் இதே கூத்துத்தான் மிஸ்,” என்றான் அன்ரன். “கத்துவாள், சட்டி பானையை உடைப்பாள், சாகப்போறன் எண்டுவாள். பிறகு ஒண்டும் நடக்காத மாதிரிச் சோறு போடுவாள். பேய்க்குணம் எண்டு அம்மா சொல்லுறா.”

அவளை வார்டில் வைத்துக்கொண்டோம். மாதவிடாய் வந்த மறுநாளே வேறு பெண்ணாக எழுந்து உட்கார்ந்தாள். “நான் ஏன் மிஸ் கடலுக்குள்ள போனனான்?” என்று என்னிடமே கேட்டாள்.

சில மாதங்கள் கவனித்த பிறகுதான், மாதவிடாய்க்கு முன் வரும் கடுமையான மனநிலைக் கோளாறு என்று டொக்டர் உறுதியாகச் சொன்னார். குளிசையும் எழுதினார். கடற்கரைக் கொட்டகையான நண்டு வாடியில் நாட்கூலிக்கு நிற்பவளால் வாராவாரம் கிளினிக்குக்கு வர முடியாது. ஆகவே, தானே செய்யக்கூடிய பயிற்சிகளை என் குரலில் பதிந்து அவளுடைய போனில் போட்டுக்கொடுத்தேன். தினமும் மனம் எப்படி என்று கலண்டரில் குறிக்க வேண்டும். கெட்ட நாட்கள் நெருங்கினால் நம்பிக்கையான ஒருவரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ‘நான் ஒன்றுக்கும் உதவாதவள்’ என்று மனம் சொன்னால், அதற்கு என்ன சாட்சி என்று திருப்பிக் கேட்க வேண்டும். அந்த நாட்களில் பெரிய முடிவு எதுவும் எடுக்கக் கூடாது. தனியே இருக்கவும் கூடாது.

ஜெசிந்தா ஒன்றையும் தவறவிடவில்லை. வாடியில் பக்கத்தில் இருந்து நண்டு உடைக்கும் பிலோமினாவிடம், “அக்கா, நாளையில இருந்து என்னைக் கொஞ்சம் பாத்துக்கொள்ளுங்கோ,” என்று சொல்லிவைப்பாள். கெட்ட நாட்கள் வராமல் நிற்கவில்லை. ஆனால் அவற்றைத் தாண்டப் பழகினாள்.

ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது வீட்டில் தன் சின்ன மகளைக் காணவில்லை. வெள்ளாங்குளத்தில் இருக்கும் தன் தாயிடம் அன்ரன் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டிருந்தான்.

“பிள்ளைக்கு நீ ஏதும் செய்துபோட்டா ஆர் பதில் சொல்லுறது?” என்றான்.

அது கெட்ட நாட்களில் ஒன்று. அவள் கத்தவில்லை. பிலோமினா வீட்டுக்குப் போய், அவளுடைய கையைப் பிடித்தபடி பாயில் கிடந்து, பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறாள். மாதவிடாய் வந்து மனம் தெளிந்த பிறகே வெள்ளாங்குளத்துக்கு பஸ் ஏறினாள். மாமியார் அவளை உள்ளே விடவில்லை. பிள்ளை அழும் சத்தம் மட்டும் கேட்டதாம்.

அடுத்த நாள் என் முன்னால் வந்து இருந்தாள்.

“நீங்கள் சொன்னதெல்லாம் செய்தனான் மிஸ். ஒண்டும் விடேல்ல. பிறகேன் பிள்ளையைத் தரமாட்டினமாம்?”

அன்ரனைக் கூப்பிட்டு விளக்கினேன்.

“எல்லாப் பொம்பிளையளுக்கும் வாறதுதானே. அதுக்கு நீங்கள் வருத்தம், நோய் எண்டு ஒரு பேர் வைச்சா நான் நம்போணுமோ?” என்று கேட்டுவிட்டு எழும்பிப் போனான்.

சிறுவர் விடயங்களைப் பார்க்கும் உத்தியோகத்தர் தலையிட்ட பிறகு, ஞாயிறு பூசை முடிந்து பிள்ளையைப் பார்க்க மட்டும் விட்டார்கள். இன்றுவரை அவ்வளவுதான். ஜெசிந்தா பயிற்சிகளை விடவில்லை. உயிரோடு இருக்கிறாள்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தானே செய்யும் சிகிச்சை, தன்னைத் தாங்கிக்கொள்ள ஒருத்திக்குக் கற்றுத்தரும். அவளை நம்பாத வீட்டாரை அது மாற்றாது. அவர்களோடு தொடக்கத்திலேயே கதைப்பது அவளுடைய பயிற்சியில் ஒரு பகுதி அல்ல, நம்முடைய வேலை.