நுகத்தடி என்று நினைத்த தண்டு

வளைந்துபோன ஓர் இரும்புத் தண்டை இனி ஒருபோதும் வளையாதபடி செய்துவிட்டால், அடுத்த அடி எங்கே போய் விழும்?

நான் படித்த விவசாயக் கல்லூரியில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்து ஓராண்டு ஆகியிருந்தபோது, சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவிலிருந்த ஒரு பண்ணையில், ஒரு பெண் என் முகத்துக்கு நேரே சொன்ன இரண்டே வாக்கியங்கள் அதை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தன. சென்ற வாரம் அயோத்தியாப்பட்டணத்தில் பேருந்துக்கு நின்றிருந்தேன். எதிரிலிருந்த வெல்டிங் பட்டறையில் ஒருவர் சிறிய டிராக்டர் ஒன்றின் முன்தண்டுக்கு மேல் குழாய் ஒன்றைச் செருகிப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். காய்ந்த இரும்பும் ஈரச் சாக்கும் சேர்ந்த நெடி சாலையைத் தாண்டி வந்தது. என் பேருந்து வந்தது, நான் ஏறவில்லை.

அந்த நெடிக்கு முன்னால் வேறொரு மணம் நினைவுக்கு வருகிறது: மண்ணெண்ணெய். எங்கள் டிராக்டர் பெட்ரோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடும். யாரோ ஒரு தோட்டத் துரை விற்றுவிட்டுப் போன குள்ளமான வண்டி அது. லாரியிலிருந்து இறங்கிய அன்றே பெண்கள் அதற்குப் பொட்டு வைத்தார்கள். மாடுகள் மூன்று நாள் மிரண்டன. ஊரார் பண்ணாடி என்றழைத்த நிலக்காரர் அதை வாங்கினார். அதை மேற்பார்வையிட என்னை மேனேஜராக வைத்தார். டிராக்டரை அதுவரை நான் கரும்பலகையில் மட்டுமே கண்டிருந்தேன் என்பதை அவரிடம் சொல்ல நேரம் வாய்க்கவில்லை.

ஓட்டத் தெரிந்தவர் மாரப்பன். அதே பண்ணையின் கட்டுத்தறியில் சாணி அள்ளியவர். பட்டாளத்துக்குப் போய் லாரி ஓட்டக் கற்றுத் திரும்பியவர். அவரை ‘டேய்’ என்று மட்டுமே கூப்பிட்டிருந்த வாய்களில் சில, அவர் அந்த இரும்பு இருக்கையில் ஏறியபின் ‘டிரைவர்’ என்று சொல்லப் பழகின. ஓர் இருக்கை ஒரு மனிதனுக்கு என்ன செய்ய முடியும் என்று நான் அப்போது ஒரு கட்டுரைகூட எழுதத் தொடங்கினேன். நல்லவேளை, முடிக்கவில்லை.

ஆடி மாதத்து மழை பெய்திருந்த ஒரு காலையில் மாரப்பன் மண்ணெண்ணெய் வாங்கச் சங்ககிரி போயிருந்தார். நானே ஓட்டிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. தோன்றிய கால் மணி நேரத்தில் வண்டி கிணற்று வாய்க்காலை ஒட்டிய சேற்றில் புதைந்து நின்றது. இரண்டு சோடி மாடுகளை அழைத்து வரச் சொன்னேன். மாடு பிடித்து வந்தவர் வண்டியின் முன்புறத்தைச் சுற்றிச்சுற்றிப் பார்த்தார்.

“எதுலீங்க சாமி கட்டறது?”

முன்சக்கரங்கள் இரண்டையும் இணைத்து, அச்சுக்கு முன்னால் குறுக்கே ஒரு தண்டு ஓடியது. “இது நுகத்தடியாட்டவே இருக்குதுங்களே” என்றார் அவர். எனக்கும் அப்படியேதான் தெரிந்தது. மாடு இழுக்கும் வண்டியில் முன்னால் குறுக்கே கிடக்கும் கட்டை இழுப்பதற்கானது; அந்தச் சமவெளியில் பிறந்த எவரும் அதைச் சந்தேகிக்க மாட்டார்கள். “அதிலேயே கட்டுங்கள்” என்றேன்.

வண்டி வெளியே வந்தது. தண்டு வில்லாக வளைந்திருந்தது. முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. இழுப்பதற்கான கட்டையன்று அது, சக்கரங்களைத் திருப்புவதற்கான தண்டு என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

மாரப்பனும் பண்ணாடியும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள்.

“ஏன்டா மாரப்பா, பட்டாளத்துல இதத்தான் சொல்லிக் குடுத்தானுங்களா?” என்றார் பண்ணாடி.

மாரப்பன் மாடுகளைப் பார்த்தார். சேறு அப்பிய என் கால்சட்டையைப் பார்த்தார். “நாந்தானுங்க பண்ணாடி. பாத்து ஓட்டியிருக்கோணுமுங்க.”

“இன்னொருக்கா இது வளைஞ்சுதுன்னா நீ கட்டுத்தறிக்கே போயிரு. வேற ஆளப் பாத்துக்கறேன்.”

நான் பேச வாய் திறந்தேன் என்று எழுத ஆசைதான், திறக்கவில்லை.

தண்டைக் கழற்றிக் கட்டைவண்டியில் போட்டுக்கொண்டு சங்ககிரிக்குப் போனோம். வழியில், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“நீங்க போயிட்டீங்கன்னா, அடுத்து வர்ற மேனேசரு இந்த மிசினே வேண்டாமுன்னு சொல்லிப்போடுவாருங்க. எனக்காவத்தான் சொன்னனுங்க. நீங்க ஒண்ணும் மனசுல வெச்சுக்காதீங்க.”

சங்ககிரியில் லாரிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்று இருந்தது. அங்கிருந்த ஆசாரி தண்டைக் கரியடுப்பில் சிவக்கக் காய்ச்சி, ஒரு தண்டவாளத் துண்டின்மேல் வைத்துத் தட்டினார், நூல் பிடித்துப் பார்த்தார், மறுபடியும் தட்டினார். நிமிர்ந்தது. எனக்குப் போதவில்லை. இனி இது வளைந்தால் மாரப்பன் இருக்கையை இழப்பார். ஆகவே இது வளையவே கூடாது. என் தர்க்கம் அவ்வளவுதான். தண்டின்மேல் கெட்டியான குழாய் ஒன்றைச் செருகி, இரு முனையிலும் கேஸ் வைத்துப் பற்றவைக்கச் சொன்னேன்.

ஆசாரி தயங்கினார். “இந்தத் தண்ட, டைராட, இத்தன கெட்டி பண்ணாதீங்க. கல்லு மோதறப்போ இது கொஞ்சம் வளைஞ்சு குடுக்கோணும். இல்லாட்டி அடி நேரா ஓட்டறவன் கைக்குத்தான் போவும்.”

“பலமாகவே இருக்கட்டும்” என்றேன். பட்டம் பெற்றவன் சொல்லைப் பட்டறை தட்டாது.

எட்டாம் நாள் மேட்டுக்காட்டில் உழுதுகொண்டிருந்தபோது வலது முன்சக்கரம் மண்ணுக்குள் இருந்த பாறையில் மோதியது. தண்டு இம்மியும் வளையவில்லை. ஸ்டீரிங் வளையம் வெடுக்கென்று சுழன்றது. கலப்பையின் மேழியைப் பிடிப்பதுபோல் கட்டைவிரலை வளையத்துக்குள்ளே மடக்கிப் பிடிப்பது மாரப்பனின் வழக்கம். வளையத்தின் குறுக்குக் கம்பி அந்த விரலை முறித்தது. வேறு ஆள் பார்க்கும்படி பண்ணாடி அன்றே எனக்குச் சொல்லியனுப்பினார்.

மறுநாள் மாரப்பனின் மனைவி பாவாயி பண்ணைக்கு வந்தார். வண்டி நின்றிருந்த கொட்டகைக்குள் போய், குனிந்து தண்டைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார். குரலில் கோபம்கூட இல்லை.

“உங்க இரும்பு நல்லாத்தானுங்க இருக்குது. எம்பட ஊட்டுக்காரரு கைதான் ஒடைஞ்சுபோச்சு.”

நான் நேராகப் பண்ணாடியிடம் போனேன். சேறு, மாடுகள், குழாய் மூன்றையும் சொன்னேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை வசவைவிடத் தாங்க முடியவில்லை.

“நுகத்தடீன்னு நெனச்சீங்களாக்கும்! இதுக்குத்தான் நாலு வருசம் படிச்சதாக்கும்! செரி, அவன் கை ஆறட்டும். அதுவரைக்கும் மிசின் சும்மா நிக்கட்டும். நீங்க அதுமேல ஏறிப்போடாதீங்க.”

அந்தப் பருவம் முழுவதும் மாடுகளே உழுதன. ‘நுகத்தடி மேனேசரு’ என்ற பெயர் எனக்கு நிலைத்தது. சந்தையில்கூட அப்படித்தான் அடையாளம் சொன்னார்கள்.

அந்தப் பண்ணை இன்று மனைகளாகிவிட்டது. அந்த வண்டி பழைய இரும்பாகப் போய்விட்டது. மேட்டுக்காட்டுப் பாறைகளை வெடிவைத்து எடுத்துவிட்டார்கள். பாவாயி தொட்டுப் பார்த்த குழாயை மட்டும் அதற்கெல்லாம் வெகுமுன்பே, ஆசாரியைக் கொண்டு நானே அறுத்தெறியச் செய்தேன். வண்டியின் சட்டத்தில், இழுப்பதற்கென்றே ஒரு கொக்கியும் போடச் சொன்னேன். அதன்பின் அந்தத் தண்டு இரண்டு முறை வளைந்தது. இரண்டு முறையும் நிமிர்த்திப் போட்டோம். யாரையும் யாரும் கட்டுத்தறிக்கு அனுப்பவில்லை. அந்த ஆண்டு தை பிறந்ததுமே மாரப்பன் மீண்டும் இருக்கையில் ஏறியிருந்தார். முறிந்த விரல் பிறகு மடங்கவே இல்லை. வண்டி ஓடிய காலம்வரை, அதை வளையத்துக்கு வெளியே நீட்டியபடியே அவர் ஓட்டினார்.